இரண்டாம் இடத்தைப் பாருங்கள்: பிரெஞ்சு அதிபர் தேர்தல் செய்திகள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு அதிபர் எம்மானுவேல் மக்ரோனின் இரண்டாவது பதவிக்காலம் 2027 மே மாதத்தில் முடிகிறது. 2008-ல் திருத்தப்பட்ட அரசியல் சட்டப்படி, ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அந்தப் பதவியில் இருக்க முடியாது. ஆகவே அடுத்த தேர்தலில் அவர் களத்தில் இல்லை. மற்றவர்கள் பெயர்தான் நாளுக்கு நாள் அடிபடுகிறது. உங்கள் வெளிநாட்டுப் பக்கமும் விடாமல் செய்தி தருகிறது. ஆனால் செய்திகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. இந்தக் கணிப்பில் இவர் முன்னிலை, அந்தக் கணிப்பில் அவருக்குப் பின்னடைவு, பக்கத்தில் நான்கு முகம், நான்கு சதவீதம். பிரான்சில் இந்த 'முன்னிலை' பாதிச் செய்திகூட ஆகாது. முதல் சுற்று முழுக்க இரண்டாம் இடம் யாருக்கு என்பதற்கான சண்டை.

அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது என்று 1962-ல் அப்போதைய அதிபர் தெ கோல் பொது வாக்கெடுப்பு நடத்தி முடிவுசெய்தார். 1965 முதல் 2022 வரை 11 தேர்தல்கள் நடந்துவிட்டன. ஒன்றில்கூட முதல் சுற்றிலேயே யாரும் பாதிக்கு மேல் வாங்கவில்லை. 1965-ல் தெ கோலே 44.65 சதவீதத்தில் நின்றுபோய், இடதுசாரி மித்தெரானோடு இரண்டாம் சுற்றில் மோத வேண்டியிருந்தது. இரண்டாம் சுற்றில் முதல் இருவருக்கு மட்டும்தான் இடம். மூன்றாவதாக வந்தவர் எத்தனை நெருக்கத்தில் வந்திருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் சுற்றில் முதலிடம் பிடித்துவிட்டு இரண்டாம் சுற்றில் தோற்றவர்களும் உண்டு: 1974-ல் மித்தெரான், 1981-ல் ஜிஸ்கார் தெஸ்தேன், 1995-ல் ஜொஸ்பன்.

இரண்டாம் இடம் கைநழுவினால் என்ன ஆகும் என்பதற்கு 2002 ஏப்ரல் 21 போதும். பிரதமராகப் பதவியில் இருந்த சோஷலிஸ்ட் லியோனெல் ஜொஸ்பன் 16.18 சதவீதம், தேசிய முன்னணியின் ழான்-மரி லு பென் 16.86. இடைவெளி 1,94,600 வாக்குகள். அந்த முறை மொத்தம் 16 வேட்பாளர்கள். ஜொஸ்பன் அரசிலேயே உள்துறை அமைச்சராக இருந்த ஷெவனமான் தனியாக நின்று 15 லட்சம் வாக்குகளைப் பிரித்தார். இன்னொரு இடதுசாரி கிறிஸ்தியான் தோபிரா 6.6 லட்சம். கருத்துக்கணிப்புகளோ அதற்கு முன் பல மாதங்களாக 'அதிபர் சிராக்கா, ஜொஸ்பனா' என்று இரண்டாம் சுற்றை அளந்துகொண்டிருந்தன. அந்த மோதல் நடக்கவே இல்லை. சிராக் லு பென்னை 82.21 சதவீதம் வாங்கித் தோற்கடித்தார். ஆகவே முதல் சுற்றுக்கு ஆறு மாதம் முன்னால் 'இரண்டாம் சுற்றில் இவர் 54, அவர் 46' என்று வரும் கணிப்பைத் தலைப்பில் போடாதீர்கள். அந்த இருவர் அங்கே வந்து சேர்வார்களா என்பதே அப்போது தெரியாது.

2017-ல் நான்கு பேர் நான்கரைப் புள்ளிக்குள் இருந்தார்கள்: மக்ரோன் 24.01, மரீன் லு பென் 21.30, வலதுசாரி ஃபியோன் 20.01, இடதுசாரி மெலான்சோன் 19.58. 2022-ல் லு பென் 23.15, மெலான்சோன் 21.95. இடையே சுமார் 4.2 லட்சம் வாக்குகள். அதே தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஃபபியான் ரூசெல் வாங்கியது 8 லட்சத்துக்குச் சற்று மேல், 2.28 சதவீதம். 'மற்றவர்கள்' என்று ஒரே வரியில் அடைத்துவிடும் பெயர்களில்தான் சில சமயம் தேர்தலின் விடை இருக்கிறது. 2 சதவீதக்காரர்களையும் பட்டியலில் தனித்தனியாகப் போடுங்கள்.

கணிப்பு எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். ஒரு வழக்கமான கணிப்பில் ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பார்கள். அந்த ஆயிரத்தில் 'கட்டாயம் வாக்களிப்பேன்' என்று சொல்லி, ஒரு பெயரையும் சொன்னவர்கள் 600, 700 பேர்தான் தேறுவார்கள். அச்சாகும் சதவீதம் இந்த 600, 700 பேருடையது. 20 சதவீதம் வாங்கும் ஒருவருக்கு அந்த அளவில் பிழை எல்லை மேலும் கீழும் 3 புள்ளி. அப்படியிருக்க, 'நேற்று 17, இன்று 18, எழுச்சி' என்று எழுதினால் அது எழுச்சி இல்லை, சல்லடையில் நின்ற தவிடு. பிழை எல்லையையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று 2016-ல் திருத்திய சட்டம் அங்கே கணிப்பு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. பிரெஞ்சு நாளிதழ்களில் வரைபடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்து நம் பக்கத்துக்கு வந்துசேர்வதில்லை. இன்னொன்று, அங்கே ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுப்பதில்லை. வயது, பால், தொழில், வட்டாரம் என்று பங்கு பிரித்து, பெரும்பாலும் இணையக் குழுக்களிலிருந்து எடுக்கிறார்கள். ஆகவே அந்த 3 புள்ளியே ஒரு கணக்குச் சம்பிரதாயம். ஒரே நிறுவனத்தின் நாலைந்து கணிப்புகளை வரிசையாக வைத்து, போக்கு ஒரே பக்கம் போகிறதா என்று பார்ப்பதுதான் வழி. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு கழித்து 'இறக்கம்' கண்டுபிடிப்பது தவறு.

தேர்தலுக்கு வெகு முன்னால் வரும் எண்களை எவ்வளவு நம்பலாம்? 1995 தேர்தலுக்கு முந்தைய குளிர்காலத்தில் அப்போதைய பிரதமர் பலாதூர்தான் அடுத்த அதிபர் என்று பெரும்பாலான கணிப்புகள் சொன்னன; அவர் முதல் சுற்றில் மூன்றாவது. 2021 அக்டோபரில் தீவிர வலதுசாரி எரிக் ஸெம்மூர் சில கணிப்புகளில் மரீன் லு பென்னையே முந்தினார். ஆறு மாதத்தில் 7.07 சதவீதத்தில் முடிந்தார். கடைசி மூன்று வாரத்தில், தன் ஆள் தேற மாட்டார் என்று தெரிந்த வாக்காளர் தன் பக்கத்தில் தேறக்கூடியவரிடம் நகர்வார். பிரான்சில் இதற்குப் 'பயனுள்ள வாக்கு' என்றே பெயர். 2022-ல் மெலான்சோன் மேலே போனதும், பசுமைக் கட்சியின் யானிக் ஜடோவும் சோஷலிஸ்ட் அன் இதால்கோவும் கரைந்ததும் அப்படித்தான். கணிப்பில் 'என் தேர்வு இன்னும் மாறலாம்' என்று சொன்னவர்களின் சதவீதம் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். யாருடைய ஆதரவாளர்களில் அது அதிகமோ அவர் எண்தான் கரையும். எனக்கு ஒரே ஒரு எண்தான் அச்சிட இடம் உண்டு என்றால் அதைத்தான் அச்சிடுவேன்.

அடுத்தது, வேட்பாளர் என்று யாரைச் சொல்வது? ஒருவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து 'நான் நிற்கிறேன்' என்று சொன்னதும் உங்கள் செய்தியில் அவர் வேட்பாளர் ஆகிவிடுகிறார். பிரான்சில், அதிபர் தேர்தலைக் கண்காணித்து முடிவை அறிவிக்கும் அரசியலமைப்பு மன்றம் பட்டியல் வெளியிடும் வரை யாரும் வேட்பாளர் இல்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட 500 பிரதிநிதிகள் ஒருவரை முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும் உரிமை உள்ளவர்கள் நாடு முழுக்கச் சுமார் 42,000 பேர்: மேயர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், செனட்டர்கள், ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள், மாவட்ட மற்றும் மண்டலக் கவுன்சிலர்கள். இதில் பெரும்பகுதி சிற்றூர் மேயர்கள். அந்த 500-ம் குறைந்தது 30 மாவட்டங்களிலிருந்து வர வேண்டும். ஒரே மாவட்டத்திலிருந்து 50-க்கு மேல் கணக்கில் சேராது. ஒருவருக்கு ஒரு கையெழுத்துதான். போட்டால் போட்டதுதான், திரும்பப் பெற முடியாது. அரசு அனுப்பும் அசல் படிவத்தில் மட்டுமே எழுத வேண்டும். நகல் செல்லாது, மின்னஞ்சல் செல்லாது. முன்பெல்லாம் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ப் படிவங்களை வாங்கி மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். 2017-லிருந்து கையெழுத்திட்டவரே தபாலில் அனுப்ப வேண்டும். கடைசி நேரம், முதல் சுற்றுக்கு முந்தைய ஆறாவது வெள்ளிக்கிழமை மாலை 6 மணி. 2022-ல் அது மார்ச் 4. மார்ச் 7-ல் 12 பேர் பட்டியல் வந்தது.

இதில் எங்கே சிக்குகிறது என்றால், வெளிப்படைத்தன்மையில். முன்பு ஒவ்வொரு வேட்பாளருக்கும் 500 பெயர்களை மட்டும் குலுக்கல் போட்டு வெளியிடுவார்கள். பலர் பெயர் வெளியே வராது. 2017 முதல் எல்லாப் பெயரும் வாரம் இரு முறை வெளியாகிறது. 300 பேர் வாழும் ஊரின் மேயர் யாருக்குக் கையெழுத்துப் போட்டார் என்பது சில நாளிலேயே ஊருக்குத் தெரியும். சாலை போட மானியம் தரும் மாவட்டக் கவுன்சிலுக்கும் தெரியும். எதற்கு வம்பு என்று பலர் யாருக்கும் போடாமல் இருந்துவிடுகிறார்கள். 2022 பிப்ரவரியில், முந்தைய தேர்தலில் இரண்டாம் சுற்று வரை வந்த மரீன் லு பென்னே பிரசாரத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கையெழுத்து தேடிப் போனார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது 622. அதில் ஒன்று மக்ரோனின் கூட்டாளியும் போ நகர மேயருமான பிரான்சுவா பயரூ போட்டது. கோடிக்கணக்கானோர் ஆதரிக்கும் ஒருவர் கையெழுத்துக் குறைவால் வெளியே நின்றுவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே கையெழுத்து என்றால் ஆதரவு என்று மொழிபெயர்க்கக் கூடாது. கையெழுத்து எண்ணிக்கையை வாக்கு பலமாகக் காட்டுவதும் தவறு. அந்த முறை இதால்கோவுக்கு 1,440 கையெழுத்து, வாக்கு 1.75 சதவீதம், மெலான்சோனுக்கு 906 கையெழுத்து, வாக்கு 21.95 சதவீதம். சோஷலிஸ்ட் கட்சிக்கு ஊராட்சிகளில் ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான் அந்த எண் சொல்வது. தோபிரா இடதுசாரி ஆதரவாளர்கள் இணையத்தில் நடத்திய 'மக்கள் முதனிலைத் தேர்த'லில் முதலாவதாக வந்தும், 500-ஐ எட்ட முடியாமல் மார்ச் தொடக்கத்தில் விலகினார்.

அதனால் ஜனவரி வரை 'போட்டியிட விரும்புவோர்' என்று எழுதுங்கள். பிப்ரவரியில் வாரம் இரு முறை கையெழுத்துக் கணக்கை ஒரு சிறு கட்டமாகப் போடுங்கள். மன்றம் அதைத் தன் தளத்தில் பெயர், பதவி, ஊர், மாவட்டம் வாரியாகவே வெளியிடுகிறது. அந்தச் சில வாரங்களில் கணிப்பைவிட உறுதியான எண் அது ஒன்றுதான்.

பணம். 'டெபாசிட் இழந்தார்' என்று ஒரு செய்தியில் வந்திருந்தது. அதிபர் தேர்தலுக்கு அங்கே கட்டுத்தொகை கிடையாது. இழப்பதற்கு ஒன்றும் இல்லை. வலிக்கிற கோடு வேறு இடத்தில் இருக்கிறது: 5 சதவீதம். 2022-ல் முதல் சுற்றோடு நிற்பவருக்குச் செலவு உச்சவரம்பு சுமார் 1 கோடியே 68 லட்சம் யூரோ. இரண்டாம் சுற்றுக்குப் போகிறவருக்குச் சுமார் 2 கோடியே 25 லட்சம். 5 சதவீதத்தைத் தாண்டியவருக்கு உச்சவரம்பில் 47.5 சதவீதம் வரை, அதாவது முதல் சுற்றுக்காரருக்குச் சுமார் 80 லட்சம் யூரோ வரை, அரசு திருப்பித் தரும். தாண்டாதவருக்கு 4.75 சதவீதம், சுமார் 8 லட்சம். பத்தில் ஒரு பங்கு. வலதுசாரி குடியரசுக் கட்சியினரின் வேட்பாளர் வலேரி பெக்ரெஸ் 70 லட்சம் திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கில் செலவு செய்தார்; 4.78 சதவீதத்தில் நின்றார். ஏறத்தாழ 77,000 வாக்கு குறைந்தது. மறுநாளே, தன் சொந்தப் பெயரில் 50 லட்சம் யூரோ கடன் இருக்கிறது என்று சொல்லி நாட்டு மக்களிடம் நன்கொடை கேட்டார். 4.63 வாங்கிய ஜடோவுக்கும் அதே கதி. வங்கிக் கடன் வேட்பாளர் பெயரில் வாங்கப்படுவதும், திருப்பித் தரப்படுவது வேட்பாளர் தன் கையிலிருந்து, அதாவது கடனிலிருந்து, போட்ட பணத்துக்கு மட்டும் என்பதும்தான் இதன் காரணம். கணிப்பில் 5-ஐச் சுற்றி ஆடுகிற ஒருவருக்கு வங்கி கதவைச் சாத்துகிறதா என்பது அவருடைய பொதுக்கூட்ட எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

நிறுவனங்கள் பணம் தர 1995 முதல் தடை. தனிநபர் ஒரு தேர்தலுக்கு 4,600 யூரோவுக்கு மேல் தர முடியாது. தொலைக்காட்சியில் காசு கொடுத்து விளம்பரம் போடவும் முடியாது. தேர்தலுக்குப் பிறகு கணக்கைத் தணிக்கை ஆணையம் பார்க்கும். 2012-ல் தோற்ற அப்போதைய அதிபர் சர்க்கோசியின் கணக்கை ஆணையம் நிராகரிக்க, 2013 ஜூலையில் அரசியலமைப்பு மன்றமும் அதை உறுதிசெய்தது. வரவேண்டிய ஒரு கோடி யூரோவுக்கு மேல் போனது. கட்சி தொண்டர்களிடம் வசூல் செய்து கடனை அடைத்தது.

தொலைக்காட்சி நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒலி, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆர்க்கோம் அமைப்பு, தேர்தல் ஆண்டில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் கிடைத்த நேரத்தை நிமிடக் கணக்கில் வெளியிடுகிறது. முதலில் 'நியாயப் பங்கு' காலம்: முந்தைய தேர்தல் முடிவு, கணிப்பு, எவ்வளவு சுறுசுறுப்பாகப் பிரசாரம் செய்கிறார் என்பவற்றைப் பார்த்து, பெரியவருக்கு அதிகம், சிறியவருக்குக் குறைவு. அதிகாரபூர்வப் பிரசாரம் தொடங்கும் நாளிலிருந்து 'சமப் பங்கு'. 2022-ல் அது மார்ச் 28. அன்றிலிருந்து மக்ரோனுக்கு எத்தனை நிமிடமோ, பிரனே மலைப் பகுதியின் ஆட்டிடையர் மகன் ழான் லஸாலுக்கும் அத்தனை நிமிடம். கடைசி இரண்டு வாரத்தில் ஒரு சின்னக் கட்சிக்காரர் எல்லா அலைவரிசையிலும் தெரிந்தால் அது சட்டம் கொடுத்த இடம். 'திடீர் கவனம் பெறும் வேட்பாளர்' என்று எழுத அதில் ஒன்றும் இல்லை. வாக்குச்சாவடிக்கு வெளியே வரிசையாக நிற்கும் சுவரொட்டிப் பலகைகளும் அப்படித்தான். வரிசை குலுக்கல் போட்டு எடுத்தது. 2022-ல் முதல் பலகை தீவிர இடதுசாரி நத்தாலி ஆர்த்தோவுக்கு. வாங்கிய வாக்கு 0.56 சதவீதம், கடைசி இடம்.

வாக்குறுதிகளைப் பட்டியலிடும்போது பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தால் போதும்: எந்த வாசல் வழியாக? சாதாரணச் சட்டம் என்றால் நாடாளுமன்றப் பெரும்பான்மை வேண்டும், 577-ல் 289. அரசியல் சட்டத் திருத்தம் என்றால் இரு அவைகளும் ஒரே வாசகத்தை ஏற்று, பிறகு பொது வாக்கெடுப்போ வெர்சாயில் கூடும் கூட்டு அவையில் ஐந்தில் மூன்று பங்கோ வேண்டும். 2022-ல் மக்ரோன் ஓய்வு வயதை 65 ஆக்குவேன் என்றார். ஜூனில் நடந்த தேர்தலில் அவர் அணி 289-ஐ எட்டவில்லை. 2023 மார்ச்சில் வந்தது 64. அதுவும் அவையில் வாக்கெடுப்பு இல்லாமல், 49.3 பிரிவைப் பயன்படுத்தி.

பெயர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே பக்கத்தில் 'மெலன்சன்', 'மெலஞ்சோன்', 'மெலென்கான்' என மூன்று பேர் நிற்கிறார்கள், உண்மையில் ஒருவர்தான். பிரெஞ்சில் ஈற்று ஒலி மூக்கொலி. 'மெலான்சோன்' கிட்டத்தட்ட வரும். 'Macron' என்பதை ஆங்கில வழியில் 'மேக்ரான்' என்று எழுதுவதா, பிரெஞ்சு வழியில் 'மக்ரோன்' என்று எழுதுவதா என்பது உங்கள் விருப்பம்; ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். அதைவிடக் குழப்பம், 'லு பென்' என்று மட்டும் எழுதுவது. 2002-ல் இரண்டாம் சுற்றுக்குப் போனவர் தந்தை ழான்-மரி. 2017, 2022-ல் போனவர் மகள் மரீன். கட்சிப் பெயரும் 2018-ல் தேசிய முன்னணியிலிருந்து தேசியப் பேரணியாக மாறிவிட்டது. சர்க்கோசியின் கட்சி 2015 முதல் குடியரசுக் கட்சியினர். அதற்கு முந்தைய நிகழ்வுகளுக்கு அந்தப் பெயரைப் போட்டால் தவறு.

முதல் சுற்று முடிந்த இரவில், தோற்றவர்கள் யாருக்கு வாக்களிக்கச் சொன்னார்கள் என்பதை வைத்து உடனே கூட்டல் கணக்குப் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். 2022-ல் பெக்ரெஸ், ஜடோ, இதால்கோ, ரூசெல் நால்வரும் மக்ரோனுக்கு வாக்களிப்போம் என்றார்கள். ஸெம்மூரும் இன்னொரு வலதுசாரியான துபோன்-எஞ்ஞானும் லு பென் பக்கம். மெலான்சோன் சொன்னது 'திருமதி லு பென்னுக்கு ஒரு வாக்கும் கூடாது' என்பது. மக்ரோனுக்குப் போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பல செய்திகளில் சொன்னதாகவே வந்தது. கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான குவாதலூப் தீவைப் பாருங்கள். முதல் சுற்றில் அங்கே மெலான்சோனுக்கு 56 சதவீதம். இரண்டாம் சுற்றில் அதே தீவில் லு பென்னுக்கு 69.60. தலைவர் சொன்னதும் வாக்கு நகர்ந்ததும் எதிரெதிர்த் திசை. தடுப்பூசிக் கட்டாயத்தின் மீதான கோபம், பாரிஸின் மீதான பழைய மனக்கசப்பு, ஆட்சியிலிருப்பவரை இறக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

வராதவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. 2022 இரண்டாம் சுற்றில் 28 சதவீதம் பேர் வாக்களிக்கவே வரவில்லை. 2017 இரண்டாம் சுற்றில் வெற்று வாக்கும் செல்லாத வாக்கும் சேர்ந்து 40 லட்சத்துக்கு மேல். வெற்று வாக்கை 2014 முதல் தனியாக எண்ணி அறிவிக்கிறார்கள்; ஆனால் சதவீதத்தில் சேர்ப்பதில்லை. அதை 'நோட்டா' என்று எழுதுவது பொருந்தாது. அதற்கென்று அங்கே ஒரு சீட்டுகூட வைப்பதில்லை. காலி உறையையோ வெள்ளைத் தாளையோ போட வேண்டியதுதான். மக்ரோனின் 58.55 என்பது செல்லுபடியான வாக்குகளில்; பதிவுசெய்த வாக்காளர்களில் கணக்கிட்டால் 38.5. இரண்டையும் போடுங்கள், எதில் எத்தனை என்று தெளிவாகச் சொல்லி.

இனி அந்த இரவைப் பற்றி. கடைசி வாக்குச்சாவடி மூடுவது பாரிஸ் நேரம் இரவு 8 மணிக்கு. ஏப்ரலில் அது நமக்கு இரவு 11.30. அதற்கு முன் எந்த முடிவையும் மதிப்பீட்டையும் வெளியிட அங்கே சட்டப்படி தடை. மீறினால் 75,000 யூரோ அபராதம். பெல்ஜியம், சுவிட்சர்லாந்து ஊடகங்கள் மாலையிலேயே எண்களை அவிழ்த்துவிடும். அவற்றை எடுத்து 'வாக்குச்சாவடி வாயில் கணிப்பு' என்று போடுவது உங்கள் இணையப் பதிப்பில் நடந்திருக்கிறது. அந்த எண்களை, வாக்களித்து வெளியே வருபவரை நிறுத்திக் கேட்ட கணிப்பு என்று கொள்ள முடியாது. அன்று அதிகாரபூர்வமாக வெளிவரும் எண்கள் இரண்டுதான்: நண்பகல் வாக்குப்பதிவு, மாலை 5 மணி வாக்குப்பதிவு. 2022 முதல் சுற்றில் அவை 25.48, 65.00. 2017-ல் அதே நேரங்களில் 28.54, 69.42. மாலை எண்ணை முந்தைய தேர்தலின் மாலை எண்ணோடு ஒப்பிட்டால் இரவின் நிறம் பாதி தெரியும். அமெரிக்கக் கண்டத்தை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதிகள் முதல் நாள் சனிக்கிழமையே வாக்களித்துவிடும். அந்த எண்ணிக்கையும் ஞாயிறு இரவு வரை பூட்டித்தான் இருக்கும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் வாக்களிக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையாளர்கள் மாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் காத்திருப்பதும் இதே 11.30-க்குத்தான்.

8 மணிக்குத் திரையில் வரும் மதிப்பீடு உண்மையான சீட்டுகளிலிருந்து வருகிறது. மேசைமேல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் அடுக்கு அச்சிட்ட சீட்டு. வாக்காளர் இரண்டு மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டு, ஓர் உறையோடு மறைப்புக்குள் போய், ஒன்றை மட்டும் உறைக்குள் வைத்து, உள்ளே தெரியும் பெட்டியில் போட்டுக் கையெழுத்திடுவார். மூடியதும் உறைகளை நூறு நூறாகக் கட்டுவார்கள். மேசைக்கு நால்வர்: ஒருவர் உறையைப் பிரிப்பார், இன்னொருவர் பெயரை உரக்க வாசிப்பார், மற்ற இருவர் தனித்தனித் தாளில் கோடு போடுவார்கள், இரு தாளும் ஒத்துப்போக வேண்டும். கணிப்பு நிறுவன ஆட்கள் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று முதல் நூறு, இருநூறு சீட்டுகளின் கணக்கைத் தொலைபேசியில் சொல்வார்கள். பிழை எங்கே வருகிறது என்றால், பெரும்பாலான ஊர்களில் வாக்குச்சாவடி 7 மணிக்கே மூடிவிடும். பெருநகரங்களில் 8 மணிக்கு. 8 மணி மதிப்பீடு நிற்பது முதல் வகையின் சீட்டுகள்மேல். 2022-ல் அந்த நேரத்தில் மெலான்சோனுக்கு 20 சதவீதத்தைச் சுற்றித்தான் காட்டினார்கள். பாரிஸும் மார்செய்யும் சுற்றுப்புறங்களும் எண்ணி முடியும்போது அவர் ஏறத்தாழ 22-ல் இருந்தார். முதல் இடம் அந்த மதிப்பீட்டில் சரியாகவே வரும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே 2 புள்ளிக்குள் இருந்தால் நள்ளிரவுக்கு முன் நம்ப முடியாது.

உங்கள் காலைப் பதிப்பு அச்சுக்குப் போகும் நேரம் உங்களுக்குத்தான் தெரியும். 11.30-க்கும் அதற்கும் இடையே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், முதல் பெயரைத் தலைப்பில் போடுங்கள். இரண்டாம் பெயருக்குப் பக்கத்தில் 'எண்ணிக்கை தொடர்கிறது' என்று சேர்த்துவிடுங்கள். இறுதி எண்களை அரசியலமைப்பு மன்றம் புதன்கிழமை அறிவிக்கும். விதிமீறல் நடந்த சில சாவடிகளின் வாக்குகளை அது தள்ளுபடி செய்வதுண்டு, ஆகவே ஞாயிறு எண்களில் சில ஆயிரம் கூடும் குறையும். கட்டமும் அட்டவணையும் புதனுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் வாசகங்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் அப்படியே விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வெளிநாட்டுப் பக்கத்தின் வாசகர்